ஜிலேபி முதல் ஆப்பிரிக்கக் கெளுத்தி வரை: குட்டையிலிருந்து ஆற்றுக்கு வந்த மீன்கள்



பர்கூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் துணிக்கடைகள் ஞாபகம் வரும். இல்லையென்றால் கிரானைட், மாங்காய். மீன் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மீன் வளர்ப்பு ஒன்றும் சின்ன விஷயம் அல்ல. கிருஷ்ணகிரி அணையில் அரசு மீன் பண்ணை இருக்கிறது. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. தென்பெண்ணையை ஒட்டியும், அதன் வாய்க்கால்களை ஒட்டியும் சொந்த நிலத்தில் குட்டை வெட்டி மீன் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளாக மாவட்டச் செய்திகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்த்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஆட்சியர் எச்சரிப்பார். கொஞ்ச நாள் கழித்து எங்கோ ஒரு பண்ணையில் டன் கணக்கில் மீனை அழித்த செய்தி வரும். அப்புறம் மறுபடியும் எச்சரிக்கை. ஒரு மீனை ஏன் இப்படித் துரத்துகிறார்கள்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் ஒரு கேள்வி. கட்லா நம்ம ஊர் மீனா? சந்தையில் அதிகம் விற்கும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுமே வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். 1907-இல் சென்னை மாகாணத்தில் சர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வளத் துறை தொடங்கியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் கோதாவரியிலிருந்து கட்லாவைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். இன்று மேட்டூர் மீன் என்று ஆசையாக வாங்குகிற கட்லாவும் ஒரு காலத்தில் வந்தேறிதான்! இதனால் பெரிய கெடுதல் வந்ததாக யாரும் சொல்லவில்லை. அதுவே பின்னால் வந்தவர்களுக்குத் தைரியத்தைக் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஜிலேபி. 1952-இல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு ஓர் ஆப்பிரிக்க மீன் வந்தது. பெயர் திலாப்பியா. எந்தத் தண்ணீரிலும் வளரும், எதையும் தின்னும், ஏழைகளுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கும் என்பது திட்டம். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும் மீன். பருவமழைக்குக் காத்திருக்காமல் ஆண்டில் பலமுறை இனப்பெருக்கம் செய்யும். ஏழே ஆண்டுகளில், 1959-இல், இதை இனிப் பரப்ப வேண்டாம் என்று இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு சொன்னது. அதற்குள் அது ஏரிகளுக்குப் போய்விட்டது. வேண்டாம் என்ற முடிவு காகிதத்தில் இருந்தது, மீன் தண்ணீரில் இருந்தது. இன்று தூண்டில் போடும் எந்தப் பையனுக்கும் ஜிலேபி அந்நிய மீன் என்று தோன்றாது.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் முக்கியமான ஒரு நாள் வருகிறது. 1957 ஜூலை 10. ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, கெண்டை இன மீன்களுக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிட வைத்தார். அதுவரை இந்த மீன்கள் தேங்கிய நீரில் முட்டை இடாது. மழைக்காலத்தில் ஓடும் ஆற்றில்தான் இடும். குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில் வலை போட்டு அரித்துத்தான் எடுக்க வேண்டும். ஊசி வந்தபின் அந்தத் தேவை போய்விட்டது. ஜூலை 10-ஐ இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். குஞ்சுக்காக ஆற்றை நம்பியிருந்த குட்டை, அன்றைக்குத் தன் காலில் நின்றது. ஆனால் ஆற்றுக்கும் குட்டைக்கும் இருந்த இன்னொரு தொடர்பு அறுபடவே இல்லை. தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறது, அழுக்காகி ஆற்றுக்கே போகிறது, வெள்ளம் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

இதற்கு நல்ல உதாரணம் இமாச்சலப் பிரதேசத்தில் நடந்தது. பக்ரா அணையின் நீர்த்தேக்கம் கோவிந்த் சாகர். அதன் பக்கத்தில் தியோலி என்ற இடத்தில் ஒரு மீன் பண்ணை. அங்கே சீனாவைப் பூர்வீகமாகக் கொண்ட வெள்ளிக் கெண்டையை வளர்த்தார்கள். 1971 வெள்ளத்தில் கொஞ்சம் மீன்கள் பண்ணையிலிருந்து தப்பி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன. யாரும் திட்டமிட்டு விடவில்லை. பிறகு வந்த ஆண்டுகளில் வலையில் விழுந்ததில் பெரும்பகுதி வெள்ளிக் கெண்டைதான். கட்லாவும், மலையாறுகளின் பெருமையான மஹசீர் மீனும் குறைந்துபோயின. ஒரு பண்ணை, ஒரு வெள்ளம், அவ்வளவுதான்.

சரி, கெளுத்திக்கு வருவோம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியின் அறிவியல் பெயர் கிளாரியஸ் கேரியபைனஸ். நைல் நதியிலும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும் இயற்கையாக வாழும் மீன். ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும், ஈரத்தரையில் ஊர்ந்துகூடப் போகும். 1989-இல் தாய்லாந்திலிருந்து வங்கதேசத்துக்கு வந்தது. அங்கிருந்து 1990-களின் தொடக்கத்தில் அனுமதி எதுவும் இல்லாமல் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்குள் நுழைந்தது. வடக்கே இதற்குத் தாய் மாகூர் என்று பெயர். திலாப்பியாவையாவது அரசாங்கம் கொண்டுவந்தது. இது வியாபாரிகள் கொண்டுவந்தது.

ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது? இங்கேதான் எங்கள் காமர்ஸ் மூளை வேலை செய்கிறது. மீன் வளர்ப்பில் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு விலை கொடுத்துத் தீவனம் வாங்க வேண்டியதில்லை. கோழிக்கடைக் குடல், தோல், தலை, பண்ணையில் செத்த கோழி, எதைப் போட்டாலும் தின்னும். கோழிக்கடைக்காரருக்கோ கழிவை அகற்றுவது தலைவலி. அவருக்குச் செலவு மிச்சம், இவருக்குத் தீவனம் இலவசம். சில மாதங்களில் கிலோ கணக்கில் மீன். லாப நட்டக் கணக்கு போட்டால் இதைவிட அழகான தொழில் கிடையாது. சொல்லப்போனால் இதை மீன் தொழில் என்பதைவிடக் கழிவு அகற்றும் தொழில் என்றே சொல்லலாம். மீன் அதன் துணைப்பொருள். ஆனால் ஒரு செலவு பேரேட்டில் ஏறவே இல்லை. அதை ஆறும் பக்கத்துக் கிணறும் ஏற்றுக்கொண்டன.

அது எப்படி? இறைச்சிக் கழிவு அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், அம்மோனியா பெருகும். கட்லா குட்டையில் இப்படி நடந்தால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும், கொத்துக் கொத்தாகச் செத்து மிதக்கும். முதல் போட்டவர் பதறிப்போய்த் தண்ணீரை மாற்றுவார், கழிவு போடுவதை நிறுத்துவார். அதாவது கட்லா சாவதே ஓர் எச்சரிக்கை மணி. கெளுத்தி காற்றைச் சுவாசிப்பதால் அந்த மணி அடிக்காது. சாக்கடை மாதிரி ஆன தண்ணீரிலும் மீன் கொழுக்கும். அறுவடைக்குக் குட்டையை வடிக்கும்போது அந்தத் தண்ணீர் முழுவதும் வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் ஆற்றுக்குப் போகும். கூடவே தப்பும் மீன், ஆற்றில் இருக்கும் சின்ன மீன், தவளை, எல்லாவற்றையும் காலி செய்யும். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குள் கால்வாய்த் தண்ணீரோடு இது புகுந்துவிட, ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டின் சொந்தக் கெளுத்தி இனமான மாகூர் இன்று உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது.

1997-இல் மத்திய விவசாய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2000-க்குள் நாடு முழுவதும் தடை என்றாகிவிட்டது. 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இருபது வருடம் கழித்து அதே தடையை இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது என்றால், முதல் தடை எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதை நாகப்பட்டினத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1990-களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி, வயலும் குடிநீரும் உப்பானபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் கூலித் தொழிலாளர்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை இடிக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு செய்துகொண்டு நடத்தலாம் என்று வழிவிட்டது. இருந்தாலும் ஓர் ஆணையமாவது வந்தது, பதிவு என்ற ஒன்றாவது வந்தது. அந்தச் சட்டம் உப்புநீருக்கும் உவர்நீருக்கும்தான். தென்பெண்ணைக் கரையில் இருக்கும் நன்னீர்க் குட்டைக்கு அது பொருந்தாது.

ஒன்றை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். தென்பெண்ணை கெட்டதற்கு மீன்காரர்கள் முதல் காரணம் அல்ல. பெங்களூர்ப் பக்கத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து வந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் ஆளுயரத்துக்கு நுரை பொங்குவதை எத்தனையோ முறை படத்தில் பார்த்திருக்கிறோம். அந்த ஆலைகளை விட்டுவிட்டு அரை ஏக்கர் குட்டைக்காரரை மட்டும் பிடிப்பது சுலபம். அவர் கடன் வாங்கி விட்ட மீனை அழித்துவிட்டுப் போகிறார்கள். வெளிமாநிலத்திலிருந்து தடை செய்த குஞ்சை லாரியில் ஏற்றி அனுப்பியவர் அடுத்த லாரியைத் தயார் செய்கிறார். குஞ்சு வரும் வழியை அடைக்காமல் குட்டையை மட்டும் அழிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் வெள்ளம் இந்த நியாயங்களை எல்லாம் பார்க்காது. 2018 ஆகஸ்டில் கேரளா மூழ்கியபோது, வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அமேசான் மீனான அராபைமா சாலக்குடி ஆற்றில் வலையில் சிக்கியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் வந்தது. எங்கள் பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி வழிந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற வேன்கள் பொம்மை மாதிரி அடித்துப் போனதை எல்லோரும் டிவியில் பார்த்தீர்கள். சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். வேனையே தூக்கிப் போன தண்ணீருக்கு ஒரு மீன் குட்டையின் கரை எம்மாத்திரம்? அன்றைக்கு எந்தக் குட்டையிலிருந்து எந்த மீன் ஆற்றுக்குப் போனது என்பதை, இனி சாத்தனூரில் வலை போடுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.