நாட்பட்ட ஈரல் அழற்சியும் லிம்போமா சிகிச்சையும்

ஹெபடைடிஸ் பி அல்லது சி வைரஸால் வரும் நாட்பட்ட ஈரல் அழற்சி உள்ளவருக்கு லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் வந்தால், புற்றுநோயையும் ஈரலையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். இவ்விரு வைரஸ்களும் லிம்போமா வரும் வாய்ப்பையும் கூட்டுகின்றன. கீமோ எனப்படும் வேதிச்சிகிச்சைக்கு முன் எடுக்கும் இரத்தப் பரிசோதனையும், பி வைரஸ் என்றால் கீமோ முடிந்த பிறகும் நிறுத்தாமல் சாப்பிடும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையுமே இச்சிகிச்சையின் அடிப்படை.

வைரஸ் மீண்டெழுதல்

ஹெபடைடிஸ் பி தணிந்த பின்பும் வைரஸின் மரபுப்பொருள் ஈரல் செல்லின் உட்கருவில் தங்கிவிடுகிறது. அதை அடக்கி வைத்திருப்பது உடலின் எதிர்ப்பாற்றல். லிம்போமாவுக்குப் பரவலாகத் தரப்படும் ஆர்-சாப் சிகிச்சையில் உள்ள ரிட்டுக்சிமாப், எதிரணுக்களை உருவாக்கும் பி-செல்களை அழிக்கிறது. அதே சிகிச்சையில் உள்ள பிரெட்னிசோலோன் வைரஸ் பெருகத் துணைபோகிறது. பிறகு எதிர்ப்பாற்றல் திரும்பும்போது, வைரஸ் மலிந்த ஈரல் செல்களை அது தாக்குகிறது. மஞ்சள் காமாலையும் சில வேளை உயிரைப் பறிக்கும் ஈரல் செயலிழப்பும் வருவது இப்படித்தான். கீமோ முடிந்து பல மாதங்கள் கழித்தும் வரலாம்.

2009இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், பழைய தொற்றின் எதிரணு மட்டுமே இருந்த 21 பேர் ஆர்-சாப் பெற்றனர்; அவர்களில் 5 பேருக்கு வைரஸ் மீண்டெழுந்தது. ரிட்டுக்சிமாப் இல்லாத சிகிச்சை பெற்றவர்களில் ஒருவருக்கும் அப்படி நேரவில்லை. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரிட்டுக்சிமாப் மருந்துக் குறிப்பில் இதற்கான கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது.

பரிசோதனையும் தடுப்பு மருந்தும்

பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜன், உள்ளகப் புரதத்துக்கு எதிரான எதிரணு ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். முதலாவது மட்டும் போதாது. பழைய தொற்று அதில் தெரியாது. தொற்று இருந்தால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரை கீமோவுக்கு முன்பே, அல்லது அதனுடன் சேர்த்துத் தொடங்கப்படுகிறது. முன்பு தரப்பட்ட லாமிவுடினுக்கு வைரஸ் எளிதில் பழகிவிடுகிறது. சீனாவில் 121 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், லாமிவுடின் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் என்டெகாவிர் பெற்றவர்களில் 6.6 விழுக்காட்டினருக்கும் வைரஸ் மீண்டது.

என்டெகாவிரை வெறும் வயிற்றில், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தே விழுங்க வேண்டும். கடைசி ரிட்டுக்சிமாப் ஊசிக்குப் பின் குறைந்தது 12 முதல் 18 மாதங்கள் மாத்திரை தொடர்கிறது. நிறுத்திய பின்பும் இரத்தப் பரிசோதனை நிற்பதில்லை.

ஹெபடைடிஸ் சி

சி வைரஸை மாத்திரைகளால் முழுவதுமாக அகற்ற முடியும். மெதுவாக வளரும் சில லிம்போமாக்கள், வைரஸ் போனதும் கீமோ இல்லாமலே சுருங்குகின்றன. 2002இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மண்ணீரல் லிம்போமாவில் இதைக் காட்டினர்: வைரஸை ஒழிக்க இன்டர்ஃபெரான் பெற்ற 9 பேரில் 7 பேருக்குப் புற்றுநோய் முழுமையாகத் தணிந்தது. வேகமாக வளரும் வகைக்குக் கீமோவைத் தள்ளிப்போட இயலாது. சி வைரஸுக்கான மாத்திரைகள் உடனிருக்கும் பி வைரஸைக் கிளப்பிவிடலாம் என்பதால் இரண்டையும் சோதிப்பது வழக்கம்.

ஈரல் பழுதும் மருந்தளவும்

ஆர்-சாப்பில் உள்ள டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின் ஆகியவை ஈரல் வழியே வெளியேறுபவை. இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி லிட்டருக்கு 20 மைக்ரோமோலைத் தாண்டினால் டாக்சோரூபிசின் பாதியாகவும், 51ஐத் தாண்டினால் கால் பங்காகவும் குறைக்கப்படுவதுண்டு. ஆனால் காமாலைக்குக் காரணம் ஈரலில் பரவிய லிம்போமாவே என்றால் சிகிச்சையால்தான் ஈரல் தேறும். அங்கே மருந்தைக் குறைப்பது எதிர்விளைவாகலாம்.

கீழாநெல்லி

காமாலைக்குத் தமிழர் நாடும் மூலிகை இது. 1988இல் சென்னையின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பி வைரஸைக் கண்டறிந்த பரூக் புளூம்பெர்க்குடன் இணைந்து ஆய்வு வெளியிட்டனர். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து மேற்பரப்பு ஆன்டிஜன் மறைந்ததாக அது கூறியது. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் இதை உறுதிசெய்யவில்லை. கீமோ காலத்தில் மாத்திரைக்கு மாற்றாக இதைக் கொள்வது ஆபத்து.

மலேசியாவில்

குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மலேசியாவில் 1989இல் தொடங்கியது. லிம்போமா அதிகம் தாக்கும் நடுவயதினரும் முதியவர்களும் அதற்கு முன் பிறந்தவர்கள். தோட்டங்களிலிருந்து நகரங்களுக்கு வந்த தமிழர் தலைமுறையும் அதில் அடங்கும். சிக்கலான இரத்தப் புற்றுநோய்களுக்குத் தேசியப் பரிந்துரை மையம் சிலாங்கூரின் அம்பாங் மருத்துவமனை. ஹெபடைடிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிரை மலிவாகப் பெற, 2017இல் மலேசிய அரசு காப்புரிமையைத் தாண்டி அரசுப் பயன்பாட்டு உரிமையைக் கையாண்டது. 2021இல் மற்றொரு சி வைரஸ் மருந்தான ராவிடாஸ்விருக்கும் நிபந்தனையுடன் அனுமதி தந்தது.