இரண்டு சொல்லா, ஒரே பெயரா?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில் ஒரு தொழிற்சாலையின் அறிக்கைகளை அழித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. சர்வரில் இடம் குறைந்துகொண்டே வந்ததால், பழைய ஃபோல்டர்களை இரவில் தானாக நீக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருந்தேன். நீக்க வேண்டிய ஃபோல்டரின் பெயர் ‘லாப்போரான் லாமா’. மலாயில் பழைய அறிக்கை என்று பொருள். காலையில் வந்து பார்த்தால் அது பத்திரமாக இருந்தது. நடப்பு அறிக்கைகள் கிடந்த ‘லாப்போரான்’ ஃபோல்டரைத்தான் காணோம்.

லினக்ஸில் அழிக்கும் கட்டளைக்கு ஆர்எம் என்று பெயர். அதற்குக் கொடுத்த பெயரைச் சுற்றி நான் மேற்கோள்குறி போடவில்லை. நடுவில் இருந்த இடைவெளியைக் கண்டதும் கணினி அதை இரண்டு பெயர்களாகப் படித்தது. ‘லாப்போரான்’ இருந்தது, அழித்தது. ‘லாமா’ என்று தனியாக எதுவும் இல்லை, சத்தமில்லாமல் கடந்துபோனது.

முந்தைய நாளின் காப்புப்பிரதி இருந்ததால் தப்பித்தேன். ஆனால் இடையில் போன ஒரு நாள் பதிவுகளை, அலுவலகத்து அக்கா ஒருவர் காகிதங்களைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்தார். ஃபோல்டருக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். என் தவறை மறைக்க, “ஏன்க்கா பேருக்கு நடுவுல இடம் விட்டீங்க?” என்று கேட்டேன்.

“ரெண்டு வார்த்தை தம்பி. வேற எப்படி எழுதுறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடித்தான் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

சொல்லுக்குச் சொல் இடம் விடுவது எழுத்தோடு கூடப் பிறந்த பழக்கமில்லை. நம் ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. எங்கே பிரிப்பது என்பது வாசிப்பவரின் வேலை. ‘பலகை’யை ‘பல கை’ என்றும் ‘அந்தமான்’ஐ ‘அந்த மான்’ என்றும் பிரித்து விளையாடியதைப் பள்ளி இலக்கண வகுப்பில் படித்திருப்போம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இப்படிப்பட்ட ஏடுகளோடுதான் போராட வேண்டியிருந்தது. பழைய லத்தீன் எழுத்தும் இப்படி ஒட்டியே ஓடியதுதான். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் அதில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். லத்தீன் அவர்களுடைய தாய்மொழி இல்லை. மொழி அந்நியமாக இருப்பவருக்குத்தான் இடைவெளியின் உதவி அதிகம் தேவைப்படுகிறது.

கணினியைவிட அந்நியமான வாசகர் யார்? ஆனாலும் தொடக்கத்தில் அதற்கும் இடைவெளி முக்கியமாக இருக்கவில்லை. 1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி இடைவெளிகளைக் கண்டுகொள்ளாது. சேர்த்து எழுதினாலும் பிரித்து எழுதினாலும் அதற்கு ஒன்றுதான். கிட்டத்தட்ட ஓலைச்சுவடி மாதிரி.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய டெலிடைப் இயந்திரம் விநாடிக்குப் பத்து எழுத்துகளைத்தான் அச்சடிக்கும். யூனிக்ஸ் கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்துகளில் சுருங்கிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டளையையும் கோப்புப் பெயரையும் பிரிக்க இடைவெளியே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். விசைப்பலகையிலேயே பெரிய விசை அதுதானே!

இதில் ஒரு முரண் இருந்தது. யூனிக்ஸின் உட்கருவுக்குப் பெயரில் இடைவெளி இருந்தால் ஆட்சேபம் இல்லை. சாய்கோட்டையும் பூஜ்ய எழுத்தையும் தவிர எதை வேண்டுமானாலும் பெயரில் வைக்கலாம். ஆனால் நாம் தட்டுவதை முதலில் வாசிக்கும் ஷெல் என்ற நிரல், இடைவெளியைப் பார்த்தால் வெட்டிவிடும். வெட்டாதே என்று சொல்லத்தான் மேற்கோள்குறி. வீட்டு ஓனர் அனுமதித்ததை வாசல் காவலாளி தடுப்பது போலத்தான்.

1979இல் ஏழாம் யூனிக்ஸ் பதிப்போடு ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. இன்று நாம் எழுதும் பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் அதன் வாரிசுகள். அதில் ஒரு மாறிக்குள் பெயரைப் போட்டு வைத்து, மேற்கோள்குறி இல்லாமல் எடுத்தால், எடுத்த பிறகும் ஒருமுறை வெட்டு விழும். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இது கவனக்குறைவில் வந்த வழக்கம் இல்லை. அந்த ஷெல்லில் பட்டியல் வகை மாறி கிடையாது. பத்துக் கோப்புகளின் பெயரை ஒரே மாறியில் வைக்க வேண்டுமென்றால், இடைவெளி விட்டு எழுதி, எடுக்கும்போது பிரிப்பதுதான் வழி. அன்றைய வசதி, பிறகு வந்தவர்களுக்குக் கண்ணி.

கண்ணி வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம், பெயர் வைத்தவர்களே கட்டளையும் தட்டினார்கள் என்பது. தொல்லை என்று தெரிந்தவர் இடைவெளி விடமாட்டார். 1984இல் மெக்கின்டாஷ் வந்ததும் நிலைமை மாறியது. அங்கே கட்டளை வரி இல்லை, படத்தைச் சொடுக்கினால் போதும். மனிதர்கள் எழுதுவது போலவே பெயர் வைத்தார்கள். எம்எஸ் டாஸ் பயனர்களோ எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து என்ற சட்டத்துக்குள் பல ஆண்டுகள் இருந்தார்கள். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 அந்தக் கட்டை அவிழ்த்தது. கையோடு ‘ப்ரோக்ராம் ஃபைல்ஸ்’ என்று இடைவெளியுள்ள ஒரு ஃபோல்டரை எல்லாருடைய கணினியிலும் வைத்தது.

அதிலிருந்து பிறந்த ஒரு சிக்கல் இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு நிரலின் பாதையை மேற்கோள்குறி இல்லாமல் கொடுத்தால், விண்டோஸ் முதல் இடைவெளிவரை படித்து, சி டிரைவில் ‘ப்ரோக்ராம்’ என்ற பெயரில் நிரல் ஏதும் உண்டா என்று தேடும். இருந்தால் அதையே இயக்கும். இல்லாவிட்டால்தான் அடுத்த இடைவெளிக்குப் போகும். தாக்குபவர் அந்தப் பெயரில் ஒரு நிரலை அங்கே வைக்க முடிந்தால் கதை முடிந்தது. ஒரே தொடரை வேறு இடத்தில் பிரித்து வேறு பொருள் எடுப்பதைத் தண்டியலங்காரம் பிரிமொழிச் சிலேடை என்கிறது. பாதுகாப்புத் துறைக்காரர்கள் இதை ஓட்டை என்கிறார்கள்.

2001இல் ஆப்பிளின் புதிய இயங்குதளம் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தது. மேலே மெக்கின்டாஷ், உள்ளே யூனிக்ஸ். இடைவெளியோடு பெயர் வைத்துப் பழகிய மக்களும் இடைவெளியை வெட்டும் ஷெல்லும் ஒரே வீட்டுக்குக் குடிவந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஐட்யூன்ஸ் 2.0ஐ நிறுவிய சிலரின் வட்டுகளிலிருந்து கோப்புகள் காணாமல் போயின. நிறுவும் ஸ்கிரிப்டில், பழைய பதிப்பை நீக்கும் ஆர்எம் வரியில் மேற்கோள்குறி இல்லை. வட்டின் பெயரில் இடைவெளி இருந்தால் பாதை இரண்டாக வெட்டுப்பட்டது. முதல் பாதியின் பெயரில் இன்னொரு வட்டு இருந்தால் அது போயிற்று. ஆப்பிள் அதை உடனே திரும்பப் பெற்று 2.0.1ஐ வெளியிட்டது. இதைப் படித்தபோது, ‘லாப்போரான்’ கதையை யாரோ எனக்கு முன்பே எழுதிவிட்டது போல இருந்தது.

சரி, எல்லா இடத்திலும் மேற்கோள்குறி போட்டுவிட்டால் போதாதா? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஓலையில் மேற்கோள்குறி இல்லை. ‘என்று’ என்ற சொல் வந்தால் மேற்கோள் முடிந்தது என்று தெரியும். எங்கே தொடங்கியது என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். கணினியின் மேற்கோள்குறியில் பிரச்சினை வேறு. தட்டச்சு இயந்திரத்தில் விசையை மிச்சப்படுத்தத் திறக்கவும் மூடவும் ஒரே நேர்க்குறி வைத்தார்கள். அது ஆஸ்கிக்குள்ளும் அப்படியே வந்தது. இரண்டும் ஒரே உருவம் என்பதால் மேற்கோளுக்குள் மேற்கோள் வைத்தால் உள்ளே இருப்பது திறப்பா மூடலா என்று ஷெல்லுக்குத் தெரியாது. வேர்டில் எழுதிய கட்டளையை வெட்டி ஒட்டினால் இன்னொரு கூத்து. வேர்ட் அழகுக்காகக் குறிகளை வளைத்துவிடும், வளைந்த குறியை ஷெல் சாதாரண எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

“அவங்கள அடிக்கோடு போடச் சொல்லு” என்பதுதான் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த அறிவுரை. கொஞ்ச நாள் நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. அக்கா எழுதியது சரியான மலாய். அதைத் தப்பாகப் படித்தது என் ஸ்கிரிப்ட். இரண்டு குறிகளைப் போடும் வேலை என்னுடையது.

ஸ்கிரிப்டைத் திருத்தி, இடைவெளியுள்ள பெயர்களை வைத்துப் பலமுறை சோதித்த பிறகு அவரிடம் போய்ச் சொன்னேன்.

“அப்போ இனிமே இடம் விடலாமா தம்பி?”

“விடுங்கக்கா.”

மறுநாள் சர்வரில் ஒரு புதிய ஃபோல்டர் இருந்தது. ‘லாப்போரான் பாரு ஜாங்கான் பாடாம்’. புதிய அறிக்கை, அழிக்காதே. மொத்தம் மூன்று இடைவெளி.