அரியலூர்ப் பாறைகளும் நீர்த்த அமிலச் சோதனையும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பரவலாகக் காணப்படும் சுண்ணாம்புக்கல்லை இனங்காண நிலவியலாளர்கள் கையாளும் எளிய முறை நீர்த்த அமிலச் சோதனை ஆகும். கல்லின்மீது ஒரு துளி நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலம் விட்டால் அது நுரைத்துப் பொங்கும். கல்லில் உள்ள கல்சியம் கார்பனேட்டு அமிலத்துடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுவதே இதற்குக் காரணம்.

வரலாறு

இப்பகுதி கிரெட்டேசியக் காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. 1840களில் கே, கன்லிஃப் ஆகியோர் தென்னிந்தியாவில் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்சு ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பெர்டினாண்டு ஸ்டோலிஸ்கா 1860களிலும் 1870களிலும் இங்குள்ள உயிரினங்களை விரிவாக விவரித்தார். பெரம்பலூர் 1995இலும் அரியலூர் 2007இலும் தனி மாவட்டங்களாயின. அதனால் பழைய நூல்களில் இவ்வூர்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கீழேயே காணப்படும்.

இதே சுண்ணாம்புக்கல்லை நம்பியே அருகிலுள்ள டால்மியாபுரத்தில் 1939இலும் அரியலூரில் 1979இலும் சிமெண்ட் ஆலைகள் தோன்றின. சுரங்கம் வெட்டும்போது புதைபடிவங்கள் வெளிப்படுகின்றன. வெளிப்பட்டவை கல்லோடு சேர்ந்து அரைபட்டும் போகின்றன.

சோதனை காட்டுவதும் காட்டாததும்

சாத்தனூரில் 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் சிலிக்காவாக மாறியது. சிலிக்கா இவ்வமிலத்தில் நுரைக்காது. அம்மோனைட்டு, சிப்பி ஆகியவற்றின் ஓடுகள் கல்சியம் கார்பனேட்டால் ஆனவை, அவை நுரைக்கும்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது. அவை அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிவு திரண்டு உருவானவை என வல்லுநர்கள் விளக்கினர். இத்தகைய ஐயத்தை அமிலத்துளி தீர்க்காது. டைனோசர் முட்டையோடும் கல்சியம் கார்பனேட்டே; படிவு உருண்டையில் சுண்ணாம்பு இருந்தால் அதுவும் நுரைக்கும். ஓட்டின் நுண்ணமைப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

செறிவும் நீர்த்தலும்

கடையில் கிடைக்கும் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் எடையளவில் சுமார் 37 விழுக்காடு. இதில் 100 கிராமில் 37 கிராம் ஐதரசன் குளோரைடு உள்ளது. 10 விழுக்காடாக்க மொத்த எடை 370 கிராம் ஆக வேண்டும். எனவே தேவையான நீர் 270 கிராம். களப்பணியில் 'பத்து விழுக்காடு' என்பது பெரும்பாலும் ஒரு பங்கு அமிலத்துக்கு ஒன்பது பங்கு நீர் என்ற கன அளவையே குறிக்கும். எடைக் கணக்கில் அது சுமார் 4.3 விழுக்காடு மட்டுமே. எந்தக் கணக்கு என்பதைக் குறிப்பிடாவிட்டால் செறிவு இருமடங்குக்கும் மேல் மாறிவிடும்.

நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் எழும் வெப்பத்தால் அமிலம் தெறிக்கும். கழிவறை தூய்மைக்கு விற்கும் ஆசிட்டில் செறிவு குறிப்பிடப்படாவிட்டால் கணக்கிட வழியில்லை. அதைப் பிளீச்சிங் பவுடருடன் சேர்த்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

மாணவர்களுக்கு வினிகர் எனப்படும் காடியே போதும். அது பெரும்பாலும் 4 முதல் 5 விழுக்காட்டு அசிட்டிக் அமிலம், நீர்க்க வேண்டியதில்லை. கல்லைச் சுரண்டித் தூளாக்கி அதன்மீது விட்டால் குமிழிகள் மெல்லத் தோன்றும்.

புதைபடிவங்களைக் காத்தல்

இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆரி டூம்சு, சுண்ணாம்புக்கல்லில் சிக்கிய எலும்புகளை நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் பிரித்தெடுக்கும் முறையை 1948இல் விளக்கினார். எலும்பு பெரும்பாலும் கல்சியம் பாசுபேட்டு என்பதால், கல் கரைந்தாலும் எலும்பு பெரிதும் தப்புகிறது. அரியலூர்ச் சிப்பிகளுக்கு இம்முறை பொருந்தாது. சுற்றியுள்ள கல்லும் சிப்பியின் ஓடும் ஒரே பொருளால் ஆனவை. அமிலம் இரண்டையுமே கரைத்துவிடும். ஆகவே சோதனைத்துளியை உடைந்த கல்துண்டில் மட்டும் விட்டு, புதைபடிவத்தைத் தொடாமல் விடுவதே முறை.