அசைவு குறைதலும் பிரசவத்துக்கான இடமும்

நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணி, வயிற்றுக் குழந்தையின் உதைப்பும் புரளலும் வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதாக உணர்வதே அசைவு குறைதல். 18 முதல் 20 வாரத்தில் தெரியத் தொடங்கும் அசைவு 32 வாரம் வரை கூடும். அதன்பின் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். கடைசி மாதத்தில் இடம் போதாமல் குழந்தை அடங்கிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது தவறு. உதைப்பு உருளலாக மாறலாம், எண்ணிக்கை சரியக் கூடாது. நஞ்சுக்கொடி வழியே வரும் ஆக்சிஜன் குறைந்தால், குழந்தை தன் அசைவைக் குறைத்துத்தான் சமாளிக்கப் பார்க்கும். ஒருமுறை மட்டும் அசைவு குறைந்தவர்களில் 100க்கு 70 பேருக்கு எந்தச் சிக்கலும் வருவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த எழுபதில் தான் ஒருத்தியா என்பதை வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது.

ஐயம் இருந்தால் இடப்பக்கம் சாய்ந்து படுத்து, வேறெதிலும் கவனம் வைக்காமல், வயிற்றின்மேல் கை வைத்து 2 மணி நேரம் எண்ண வேண்டும். 10 அசைவு தேறாவிட்டால் உடனே மகப்பேறு மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும் என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அசைவே தெரியவில்லை என்றால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். மருத்துவமனையில் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைக் குறைந்தது 20 நிமிடம் தாளில் பதிவு செய்வார்கள். வீட்டில் வாங்கி வைத்திருக்கும் கைக்கருவியில் துடிப்பு கேட்டுவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது; துடிப்பு ஏறி இறங்கும் விதத்தைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

இந்தப் பரிசோதனை எந்நேரமும் கிடைக்குமா என்பதை வைத்தே பிரசவத்துக்கான இடத்தையும் முடிவு செய்ய வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆகவே வீடா மருத்துவமனையா என்பதைவிட, எந்த மருத்துவமனை என்பதே இங்கே பெரிய கேள்வி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால், சென்னை தி.நகரில் மாதாமாதம் பார்த்துக்கொண்டவர் கடைசி வாரங்களில் அடையாறில் இருப்பார். நள்ளிரவில் எங்கே ஓடுவது என்பது வீட்டில் யாருக்கும் தெளிவாக இருக்காது. டாக்டர் கைராசிக்காரர், வீட்டுக்குப் பக்கம் என்பதெல்லாம் அடுத்தபடி. இரவு 2 மணிக்கு இதயத்துடிப்புப் பதிவு எடுப்பார்களா, உடனே சிசேரியன் செய்ய முடியுமா, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை உண்டா என்று வளைகாப்பு முடிந்த கையோடு நேரில் கேட்டுவிட வேண்டும். சென்னையில் அரசு மருத்துவமனையை நாடுவோருக்கு, 1885இல் தோன்றி இன்று திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையும், 1844இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் உண்டு.

அசைவு குறைந்தது என்று போனால் கத்தி வைத்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே தேசியக் குடும்ப நல ஆய்வில் மாநிலத்தின் சிசேரியன் விகிதம் 44.9 சதவீதம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்விலும், அசைவு பற்றிய விழிப்புணர்வுத் திட்டம் குழந்தை இறந்து பிறப்பதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை, சிசேரியன் கூடியது. ஆனால் அந்த ஆய்வு சோதித்தது ஒரு திட்டம் முழுவதையும். அசைவு குறைந்த பெண் வீட்டிலேயே இருக்கலாம் என்று அது சொல்லவில்லை. பரிசோதனை வேறு, அறுவை வேறு. பதிவு சரியாக இருந்து, வேறு ஆபத்தும் இல்லையென்றால் வீடு திரும்பலாம். அறுவை என்றால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது தாயின் உரிமை. விடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். 108 ஆம்புலன்ஸ் இரவிலும் இலவசமாக வரும்.