துறைமுகத்துக்கும் ஓர் அடையாள எண்

கிள்ளான் வட்டாரத்தில் கப்பல் முகவர் அலுவலகங்களிலும் சரக்குக் கிடங்குகளிலும் வேலை செய்யும் நம் இளைஞர்கள் பலர். அவர்கள் நிரப்பும் பாரங்களில் துறைமுகத்தின் பெயர் மட்டும் போதாது, குறியீடும் வேண்டும்.

காரணம் எளிது. ஜோர்ஜ்டவுன் பினாங்கில் இருக்கிறது. தென் அமெரிக்காவின் கயானாவிலும், கேமன் தீவுகளிலும் இருக்கிறது. பெயர்களும் மாறுகின்றன. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகம் ஆனது. மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனது.

அமெரிக்கா செல்லும் சரக்குகளுக்கு அந்நாடு ‘அட்டவணை கே’ என்ற எண் முறையைப் பயன்படுத்துகிறது. வெளிநாட்டுத் துறைமுகம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: மலேசியா 557, சிங்கப்பூர் 559, இந்தியா 533, இலங்கை 542, கயானா 312. கடைசி இரண்டும் துறைமுகத்துக்கு உரியவை. சிங்கப்பூரின் எண் 55976.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு ‘அட்டவணை டி’. இதில் நான்கு இலக்கங்கள். முதல் இரண்டும் சுங்க மாவட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் 2704, பக்கத்திலுள்ள லாங் பீச் 2709.

ஐக்கிய நாடுகளின் முறை வேறு. அது பெரும்பாலும் எழுத்துகளால் ஆனது. கிள்ளான் துறைமுகம் ‘எம்ஒய்பிகேஜி’, சிங்கப்பூர் ‘எஸ்ஜிஎஸ்ஐஎன்’. சென்னைக்கு ‘ஐஎன்எம்ஏஏ’, பெயர் மாறியும் மெட்ராஸ் காலத்து எழுத்துகள் அப்படியே நிற்கின்றன. எழுத்துகள் போதாதபோது 2 முதல் 9 வரையிலான எண்கள் சேர்க்கப்படும். 0, 1 இரண்டும் ஆங்கில ஓ, ஐ எழுத்துகளோடு குழம்பும் என்பதால் தவிர்க்கப்படுகின்றன.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ரப்பர் கையுறைகள் நிறைந்த கொள்கலன் கிள்ளானில் புறப்பட்டு, சிங்கப்பூரில் அமெரிக்கா செல்லும் கப்பலுக்கு மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கச் சுங்கத்துறைக்கான விவரத்தில் ஏற்றுமிடம் சிங்கப்பூர்தான். 557இல் தொடங்கும் கிள்ளானின் எண் அங்கே வராது. கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பாகவே இந்த விவரம் அமெரிக்கச் சுங்கத்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். பிழை இருந்தால் கொள்கலனை ஏற்றவிடாமல் நிறுத்தலாம், அபராதமும் விதிக்கலாம்.

ஆகவே பழைய பாரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடாதீர்கள். கொள்கலன் எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பலில் ஏறுகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகு எண்ணை எழுதுங்கள்.