ஆலைத் தூசியும் சமூக ஏற்றத்தாழ்வும்

1936 இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். காலப்போக்கில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நூற்பாலை வேலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் ஆலைக்குள் எல்லோரும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. பஞ்சுப் பொதியைப் பிரிக்கும் புளோரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவிலும் தூசி மிகுதி. அத்தூசியால் வருவது பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய். இது புற்றுநோய் அன்று. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், நாளடைவில் மூச்சுத்திறன் குறையும். தொழிற்சாலைகள் சட்டம், 1948, இதைத் தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டிருந்தது.

எந்தப் பிரிவில் யார் நிற்பது என்பதைத் திறமை மட்டும் முடிவு செய்ததில்லை. பம்பாய் ஆலைகளில் நெசவாளர் நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோப்பது வழக்கம். தீட்டு என்று சொல்லித் தலித் தொழிலாளரை அப்பிரிவில் சேர்க்க மறுத்தனர். கூலி குறைந்த நூற்புப் பிரிவே அவர்களுக்குக் கிடைத்தது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இக்கொடுமையை எதிர்த்தார்.

அமெரிக்காவில் இதே வேலையை நிறவெறி செய்தது. பிட்ஸ்பர்க் வட்டார எஃகாலைகளில், நிலக்கரியைக் கல்கரியாக்கும் உலைகளில் கறுப்பினத்தவரே பெருமளவில் அமர்த்தப்பட்டனர். உலையின் மேல்தளத்தில் ஐந்தாண்டுகளுக்கு மேல் முழுநேரம் உழைத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் சுமார் பத்து மடங்கு என 1971 இல் வில்லியம் லாயிட் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 1976 இல் அந்தப் புகைக்கு அரசு வரம்பு விதித்தது.

ஆகவே, நோயாளியிடம் புகைபிடித்தீரா என்று கேட்டால் மட்டும் போதாது. எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு உழைத்தீர் என்றும் கேட்க வேண்டும். அவரை அங்கே நிறுத்தியது எது என்பதற்கு வரலாறு பதில் சொல்லும்.