கமுதியில் தோற்றதும் மதுரையில் ஜெயித்ததும்

மதுரை மீனாட்சியம்மன் கோயில் பிரவேசம் என்றதும் 8-7-1939 என்ற தேதியும், வைத்தியநாத ஐயர், கக்கன் என்ற இரண்டு பெயர்களும் படித்தவர்களுக்கு நினைவு வரும். அன்று உள்ளே போனவர்களில் நம் விருதுநகர்க்காரர் ஒருவரும் இருந்தார் என்பது நம் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. நகராட்சி உறுப்பினராக இருந்த சண்முக நாடார். தாழ்த்தப்பட்டவர்களின் ஆலயப் பிரவேசத்தில் ஒரு நாடாருக்கு என்ன வேலை என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்ல 42 வருஷம் பின்னால் போய், கமுதியில் ஆரம்பிக்க வேண்டும்.

கமுதியிலும் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில்தான். ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பொறுப்பில் இருந்தது. 1897 மே மாதம் நாடார்கள் சிலர் அந்தக் கோயிலுக்குள் போய்த் தாங்களே வழிபாடு நடத்தினார்கள். அன்றைய வழக்கப்படி அவர்களுக்குக் கோயில் பிரவேசம் கிடையாது. ராஜா பாஸ்கர சேதுபதி கோர்ட்டுக்குப் போனார். விவேகானந்தர் சிகாகோ போவதற்கு ஊக்கமும் உதவியும் கொடுத்த அதே சேதுபதிதான். மனிதர்களை ஒரே கட்டத்தில் அடைத்துவிட முடியாது என்பதற்கு இதையும் சொல்லலாம்.

1899 ஜூலையில் மதுரை சப் கோர்ட் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. கோயிலின் தீட்டுக் கழிக்கும் சடங்குக்காக 500 ரூபாய் கட்டவும் உத்தரவு. அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முந்தி, ஜூன் 6-ஆம் தேதி, சிவகாசியில் நடந்ததை நம் பெரியவர்கள் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். அங்கும் விசுவநாதர் கோயிலில் நுழையும் உரிமைதான் தகராறின் வேர். எரிந்த வீடுகளையும் போன உயிர்களையும் பற்றி இங்கே விரித்து எழுத எனக்கு மனமில்லை.

கமுதி வழக்கு அதோடு முடியவில்லை. சேதுபதி ஒரு கட்டத்தில் சமாதானமாகப் போகவே முன்வந்தார்; ஆனால் வழக்கு வேறு கைகளுக்குப் போய்த் தொடர்ந்தது. சென்னை ஹைகோர்ட்டிலும் தோல்வி. கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சிலும் 1908-இல் கதவைச் சாத்திவிட்டது.

அந்த வழக்கில் நாடார்கள் வைத்த வாதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'நாங்கள் க்ஷத்திரியர்கள், பாண்டியர் வம்சம், ஆகவே எங்களுக்கு உரிமை உண்டு' என்றார்கள். 'சாமி எல்லோருக்கும் பொது' என்று அவர்கள் வாதாடவில்லை. கோர்ட்டோ வம்சத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கோயில் வழக்கம் என்ன என்பதை மட்டும் பார்த்தது. வழக்கம்தான் அளவுகோல் என்றால், இத்தனை காலம் வெளியே நின்றதே இனியும் வெளியே நிற்பதற்குச் சாட்சியாகிவிடும். இது என் அபிப்பிராயம், ஒப்பாதவர்கள் இருக்கலாம்: கமுதியில் தோற்றதற்கு எதிராளியின் பலம் பாதிக் காரணம் என்றால், தனக்கு மட்டும் கதவு திறந்தால் போதும் என்ற அந்த வாதம் மீதிப் பாதிக் காரணம்.

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. உறவின்முறையும் மகமையும் நம் ஊர்களில் ஏற்கெனவே வேர் பிடித்திருந்தன. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமைக் காசில் பள்ளிக்கூடம் நடந்தது, கிணறு வெட்டினார்கள், சொந்தக் கோயில்கள் தழைத்தன. விருதுநகர் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கலும் சிவகாசி பத்ரகாளிக்குச் சித்திரைப் பொங்கலும் இவ்வளவு விமரிசையாக நடப்பதில், அடுத்தவன் வாசலில் போய் நிற்க மாட்டேன் என்ற வைராக்கியமும் கலந்திருக்கிறது.

இனி 1939-க்கு வரலாம். வைத்தியநாத ஐயர் மதுரையில் பெயர் பெற்ற வக்கீல், ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவர். திருவிதாங்கூர் மகாராஜா 1936-லேயே தம் கோயில்களைத் திறந்துவிட்டிருந்தார்; மதுரையிலும் திறக்க வேண்டும் என்று ஐயர் ஊர் ஊராகப் பேசினார். ஜூலை 8-ஆம் தேதி கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்பார் ஐந்து பேரையும் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் இதற்குத் துணை நின்றார் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சிவகாசி எரிந்து 40 வருஷம்தான் ஆகியிருந்தது என்பதை நினைத்தால், அது சின்ன விஷயம் இல்லை.

பட்டர்களில் பெரும்பாலோர் பூஜை செய்ய மறுத்தார்கள். நடேச ஐயர் என்ற வக்கீல் தமிழ்ச் சங்கம் ரோட்டில் தம் பங்களாவிலேயே தனியாக ஒரு மீனாட்சியைப் பிரதிஷ்டை செய்து, பெரிய கோயிலில் இனி அம்மன் இல்லை என்றார்கள். ஜனங்களோ பெரிய கோயிலுக்கே போனார்கள். பட்டர்கள் 1945-இல்தான் திரும்பி வந்தார்கள்.

கோயிலுக்குள் போனது முதலில், சட்டம் வந்தது பிறகு. ராஜாஜி மந்திரிசபை அதே ஜூலையில் அவசரச் சட்டமும் பின்னால் முழுச் சட்டமும் கொண்டுவந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் 'ஆதரைசேஷன்' என்பதோடு 'இண்டெம்னிட்டி' என்றும் ஒரு சொல் உண்டு. இனிமேல் போகலாம் என்பது முதல் சொல். ஏற்கெனவே போனவர்கள் மேலும் அனுமதித்த அதிகாரிகள் மேலும் வழக்குப் போட முடியாது என்பது இரண்டாவது. ஆபீஸில் பின்னேற்பாணை என்போமே, அந்த மாதிரி. கமுதிக்காரர்களைப் படுத்திய வழக்கு மதுரைக்காரர்கள் மேல் பாயாமல் தடுத்தது இந்த ஒரு சொல்தான்.

அதுவரை மீனாட்சி கோயிலுக்குள் போகாமல் இருந்த காந்தி 1946 பிப்ரவரியில் வந்து கும்பிட்டார். ஆனாலும் 1939 சட்டப்படி கோயிலைத் திறக்க தர்மகர்த்தாக்கள் சம்மதிக்க வேண்டும். 1947-இல் வந்த சட்டம் அதையும் எடுத்துவிட்டு, எந்த ஜாதி இந்துவும் எந்தப் பொதுக் கோயிலுக்குள்ளும் போகலாம் என்றது. 1908-ஆம் வருஷத்துக் கமுதித் தீர்ப்புக்கு அதோடு வேலை இல்லாமல் போயிற்று.